கலிசாரியில் அடுப்புப் புகை

நான் பொய்யே பேசாதவள் என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். "குழம்பு இப்பத்தான் எறக்கினது" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறேன். ஆனால் இது அந்த ரகம் இல்லை. இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில் நடந்தது. என் புருஷன் காஸ்டியும் லாரிக்காரன் துகிமானும் கூடவே இருந்தார்கள். நம்பாவிட்டால் துகிமானிடம் போய்க் கேளுங்கள். ஊரையே வாயால் அளப்பவன் அவன். இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் கைலியை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவான்.

என் பெயர் ருமினி. மெராபி எரிமலையின் தெற்குச் சரிவில், கெண்டோல் ஆற்றங்கரையில் என் கடை. ஆறு என்றதும் தண்ணீரை நினைக்க வேண்டாம். மலை வெடித்தபோது கொட்டிய சாம்பலும் மணலும் கல்லும் ரொம்பிக் கிடக்கிற பள்ளம் அது. மேலே மழை பெய்தால் அத்தனையும் கரைந்து, கூழாகி, மாட்டுக்கொட்டகை அளவுப் பாறைகளையும் உருட்டிக்கொண்டு கீழே இறங்கும். வெயில் அடித்தால் அதே பள்ளத்தில் இறங்கி எங்கள் ஆட்கள் மணல் அள்ளுவார்கள்.

பயமில்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பயம்தான். அதற்காகத்தான் மேலே வீர்யோ பெரியப்பா இருக்கிறார்.

மலைப்பக்கம் ஒரு மேட்டில் மூங்கில் பரண் கட்டி அதில் உட்கார்ந்திருப்பார். கையில் வாக்கிடாக்கி. பள்ளத்துக்குள் இறங்கும் ஒவ்வொரு கூட்டத்திடமும் ஒன்று இருக்கும். என் கடையிலும் ஒன்று உண்டு. "சேறு வருது!" என்று அவர் கத்தினால் போட்டது போட்டபடி கரையேற வேண்டும். ஏறிய பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி "ஏறிட்டேன்" என்று பதில் கொடுக்க வேண்டும். கடைசி ஆள் பதில் கொடுக்கும்வரை அவர் பரணை விட்டு இறங்க மாட்டார். ஒரு தடவை காய்ச்சலோடு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. வானத்தையே பார்க்க மாட்டார்கள். கண்ணெதிரே மேகம் கறுத்தாலும், "பெரியப்பா இன்னும் சொல்லலையே" என்று மண்வெட்டியைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

நான் அப்படி இல்லை. என் சந்தேகப் புத்தி ஊருக்கே தெரியும். மீன்காரியிடம் மீனை வாங்கி மூன்று தடவை மோந்து பார்ப்பேன். "அண்ணிகிட்ட நெலாவக் காட்டினா, பின்பக்கம் திருப்பிக் காட்டுன்னு கேப்பாங்க" என்று துகிமான் கிண்டல் செய்வான்.

அப்படிப்பட்டவளிடம் என் புருஷன் ஒரு வாரமாக நாலு சோற்றுப் பொட்டலம் கேட்டு வாங்கிப் போனார்.

போவது இரண்டே பேர். அவரும் துகிமானும். இரண்டு பேருக்கு எதற்கு நாலு பொட்டலம்? "பசிக்குது புள்ள" என்றார். மணல் அள்ளப் போகிறவர் கல்யாணத்துக்குப் போட்ட பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். "மத்ததெல்லாம் ஈரம்" என்றார். சாயங்காலம் திரும்பி வந்தால் லாரியில் மணலே இல்லை. "நல்ல மணலாக் கெடைக்கல" என்றார்.

எனக்கு இருப்பது ஒரே ஒரு மனிதர். பிள்ளை இல்லை, அப்பா அம்மா இல்லை. அவரையும் எவளோ பொட்டலம் பிரித்துக்கொண்டு பங்கு போடுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கரைமேட்டிலிருந்து வேவு பார்த்தேன். லாரி வழக்கமான மணல்குழியைத் தாண்டி மேலே போய் மறைந்தது. மறுநாள் விடவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வாக்கிடாக்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு, லாரித் தடத்தைப் பிடித்தே போனேன்.

தடம் நேராகப் புதுப் பள்ளத்துக்குள் போயிற்று.

போன மாதச் சேற்றுவெள்ளம் ஆற்றை வேறு பக்கம் திருப்பி, பழைய மேட்டை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தது. அதுதான் புதுப் பள்ளம். அதற்குள் மணல்காரர்கள் யாரும் இன்னும் போகவில்லை. இரண்டு பக்கமும் சுவர் போலச் சாம்பல் மேடு, தென்னை உயரத்துக்கு. கீழே கறுப்பு, மேலே சாம்பல் நிறம், நடுவில் செங்கல் நிறம் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. சுவரிலிருந்து கருகிய தென்னை மரங்களின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அங்கங்கே ஈரம் பட்ட இடத்தில் ஆவி வந்தது. மூன்று மழைக்காலம் போயும் உள்ளே சூடு ஆறவில்லை. ஒரு ரப்பர் செருப்பு. ஒரு பானை விளிம்பு. தொழுகைக்குக் கை கால் கழுவும் தொட்டியின் மூலை...

அந்தத் தொட்டியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இந்தப் பக்கம் புதைந்த ஊர் ஒன்றுதான். இது கலிசாரி.

கலிசாரி என் புருஷனின் ஊர். மலை வெடித்த அன்று அவர் சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போயிருந்தார். திரும்பி வந்தபோது ஊர் இல்லை. அப்பாவும் அம்மாவும் இல்லை. எலும்புகூடக் கிடைக்கவில்லை.

லாரி நின்றிருந்தது. அதன் படியில் துகிமான் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பீடி கீழே விழுந்தது.

"அண்ணி... நீங்க போலீஸ்ல சேந்திருக்கணும்."

"எங்கடா அவரு?"

"வளைவுக்கு அந்தப் பக்கம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அப்போது மணி இரண்டு இருபது. வளைவைத் தாண்டினேன். பள்ளத்தின் தரையோடு தரையாக ஓட்டுக்கூரை ஒன்று முதுகு காட்டிக்கொண்டிருந்தது. கூரை மட்டும்தான். வீடு அடியில். நாலைந்து ஓடுகளைக் கழற்றி ஒரு துவாரம் போட்டிருந்தது. அதன் ஓரத்தில் என் புருஷன், அந்தப் பூப்போட்ட சட்டையோடு. பக்கத்தில் இரண்டு பொட்டலம், கட்டுப் பிரிக்காமல்.

எவளும் இல்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"எத்தன நாளா இந்தக் கூத்து?"

"கத்தாத புள்ள. அம்மா இருக்கற எடம்."

"அம்மா இருக்கற எடமா? ஆயிரமாவது நாள் விருந்து வைங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். அப்ப மாட்டேன்னீங்க. இப்பத் திருட்டுத்தனமா சோறு தூக்கிட்டு வர்றீங்க!"

"ஒடம்பப் பாக்காம எப்படி விருந்து வெப்பேன்? விருந்து வெச்சா செத்துட்டாங்கன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல?"

எங்கள் பக்கம் செத்தவர்களுக்கு ஏழு, நாற்பது, நூறு என்று நாள் கணக்கில் விருந்து வைத்துக்கொண்டே வருவோம். ஆயிரமாவது நாளில் வைப்பதுதான் கடைசி. அதோடு அவர்கள் போய்விடுவார்கள். அதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களுக்குப் போடுவதுபோல இலையில் சோறு கொண்டுபோய் வைக்கவே கூடாது. வைத்தால் போக மாட்டார்கள். தங்கிவிடுவார்கள். செத்தவர்கள் வைக்கும் குழம்பில் உப்பு இருக்காது என்பது மாதிரி, இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காஸ்டிக்கும் தெரியும். தெரிந்துதான் வைத்தார்.

கூரை ஓரத்தில் பழைய இலைகள் கிடந்தன. ஒரு வாரத்து இலைகள். எல்லாம் பிரித்துக் கிடந்தன. ஒரு பருக்கைகூட இல்லை.

"எது தின்னது?"

"நாய் கீய் வந்திருக்கும்."

நான் தரையைப் பார்த்தேன். முந்தின நாள் தூறலில் சாம்பல் மாவு போலப் படிந்திருந்தது. காக்கை நடந்தாலும் தடம் விழும். அவர் கால் தடம் இருந்தது. என் கால் தடம் இருந்தது.

வேறு எந்தத் தடமும் இல்லை.

"வாங்க, போலாம்" என்று கையைப் பிடித்தேன். உதறினார். "கொஞ்ச நேரம் புள்ள. இன்னைக்கு ஒரு நாள். நீ லாரிகிட்ட இரு, வந்துடறேன்." என் புருஷன் என் கையை உதறியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் காட்டக் கூடாது என்று விறுவிறுவென்று திரும்பி நடந்தேன்.

லாரிக்கு வந்து சேர்வதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. மலைப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. பகல் மூன்று மணிக்கு முன்னால் விளக்கு வைக்கிற நேரம் போல ஆயிற்று.

இரண்டு ஐம்பதுக்கு என் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"ருமினி. மேல மழையில்ல. எல்லாம் நல்லாருக்கு. அவசரப்பட வேணாம்."

வீர்யோ பெரியப்பாவின் குரல்தான். அவருடைய குரலேதான். ஆனாலும் எனக்கு எங்கேயோ இடித்தது.

"துகிமான், பெரியப்பா என்ன எப்பவாச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்திருக்கியா?"

"இல்ல. 'ஏ தண்ணிக்கொழம்பு'ம்பாரு."

"இப்ப ருமினின்னாரு."

"மனுசன் ஒரு நாள் மரியாதையாக் கூப்பிட்டா அதுவும் குத்தமா அண்ணி?"

"இருமவும் இல்ல."

கிராம்பு சிகரெட் குடித்துக் குடித்துப் பெரியப்பாவின் நெஞ்சு பழைய துருத்தி போல ஆகிவிட்டது. இருமாமல் அவரால் மூன்று வார்த்தை சேர்த்துப் பேச முடியாது.

"மருந்து கிருந்து சாப்பிட்டிருப்பாரு" என்றான் துகிமான். குரலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மறுபடியும் கரகரப்பு.

"மெதுவா வாங்க. கலிசாரில அடுப்பு மூட்டிட்டாங்க. பொகை தெரியுது."

துகிமான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"ஆவியைச் சொல்றாரு அண்ணி. தரையிலேருந்து வருதில்ல, அது தூரத்துலேருந்து பாத்தா அடுப்புப் பொகை மாதிரிதான் இருக்கும்."

"இந்த மூடுபனியிலயா? பத்தடி தள்ளி ஒன்னும் தெரியல. அவருக்கு மேட்டுலேருந்து பொகை தெரியுதா?"

அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். லாரிச் சக்கரத்தை ஒட்டிக் கையகலத்துக்கு ஒரு ஓடை ஓடிக்கொண்டிருந்தது. நான் வரும்போது அதில்தான் கால் நனைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

இப்போது அதில் தண்ணீர் இல்லை.

மேலே எங்கேயோ ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அடைத்துக்கொண்டது எப்போது வேண்டுமானாலும் உடையும். இதெல்லாம் பள்ளத்தில் இறங்குபவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்வது. துகிமானும் பார்த்தான். ஆனாலும் அவன் கை என் இடுப்பைத்தான் காட்டியது.

"பெரியப்பா நல்லாருக்குன்னு சொல்றாரே அண்ணி..."

"இது பெரியப்பா இல்லடா" என்று மெதுவாகச் சொன்னேன். அவன் காதருகே சொன்னேன்.

வாக்கிடாக்கி பேசியது.

"ஏன் ருமினி... சந்தேகமா?"

என் விரல் பொத்தான் மேல் இல்லை. இரண்டு கையும் லாரிக் கதவின் மேல் இருந்தது. பொத்தானை அழுத்தாமல் நான் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. கேட்கவே கேட்காது.

துகிமான் படியை விட்டு எழுந்து நின்றான்.

சந்தேகம் என்று வந்துவிட்டால் கேட்டுத் தீர்க்காமல் என்னால் இருக்க முடியாது. பொத்தானை அழுத்தினேன்.

"பெரியப்பா, நேத்து என் கடையில என்ன சாப்பிட்டீங்க?"

"நேத்து நீ கடை தொறக்கல. ஒம் புருஷன் பின்னால போய் ஒளிஞ்சு நின்னு பாத்துக்கிட்டிருந்த."

உண்மை. ஆனால் அது எனக்கு மட்டும்தான் தெரியும். கடையைப் பூட்டும்போது தலைவலி என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

மலைப்பக்கம் காற்று நின்றிருந்தது. ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை.

மறுபடியும் அழுத்தினேன்.

"பெரியப்பா... ஒரு தடவ இருமுங்க."

ஒன்றுமில்லை.

கரகரப்புகூட இல்லை.

பிறகு... ஒரு இருமல்.

கிழவர் இருமல். வறண்ட இருமல். தொண்டையில் மாவு அடைத்த மாதிரி.

அதற்குப் பின்னால் ஒரு பொம்பளை இருமல்.

அதற்குப் பின்னால் ஒரு குழந்தை.

அப்புறம் இன்னொன்று... இன்னொன்று... ஒரே அறையில் ஊரையே அடைத்து வைத்த மாதிரி, அத்தனை பேரும் மூச்சுக்குத் திணறித் திணறி இருமினார்கள்.

நான் வாக்கிடாக்கியை விட்டெறிந்தேன். அது சுவரில் மோதி, உடைந்து, சாம்பலில் விழுந்தது.

அப்போதும் இருமிக்கொண்டிருந்தது.

"அண்ணி, ஓடுங்க!" துகிமான் சரிவைப் பார்த்து ஓடினான்.

நான் வளைவைப் பார்த்து ஓடினேன்.

"அண்ணி, அந்தப் பக்கம் இல்ல!"

"கயிறு எடுத்துக்கிட்டு மேல வாடா! கூரைக்கு நேரா வா!"

ஓடும்போதே காலடியில் தரை அதிர்ந்தது. முதலில் பாதத்தில். பிறகு முழங்காலில். தூரத்தில் நூறு லாரி ஒரே நேரத்தில் கல் கொட்டுகிற சத்தம்.

மூடுபனிக்குள் கூரை தெரிந்தது.

அவர் அதன் மேல் உட்கார்ந்திருந்தார். சம்மணம் போட்டு. முதுகை நேராக வைத்துக்கொண்டு. பந்தியில் உட்காருவாரே, அப்படி.

"என்னங்க!"

திரும்பவில்லை.

ஓடுகள் கடகடவென்று ஆடின. துவாரத்திலிருந்து ஆவி வந்தது.

தோளைப் பிடித்துத் திருப்பினேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போலப் பார்த்தார். வலது கை விரல்கள் ஈரம். உதடு முழுக்கச் சாம்பல்.

"எழுந்திருங்க... சேறு வருது... எழுந்திருங்க!"

"இன்னும் முடியல" என்றார்.

"என்ன முடியல?"

"பாதியில எழுந்தா தப்பு புள்ள."

ஓங்கி ஓர் அறை விட்டேன். கல்யாணமாகி அதுவரை நான் கை நீட்டியதில்லை. இன்னோர் அறை. மூன்றாவதற்குக் கண் சிமிட்டினார். என் பெயரைச் சொன்னார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். ஐம்பது கிலோ மனிதர், அன்றைக்கு இரண்டு ஆள் கனம் கனத்தார். யாரோ அந்தப் பக்கம் பிடித்து இழுத்தது போல.

அழுதேன். கெஞ்சினேன். அவரிடம் இல்லை. அந்தத் துவாரத்தைப் பார்த்து.

"அத்தை... விட்டுடுங்க அத்தை... எனக்கு இவரு ஒருத்தருதான்..."

கனம் விட்டது.

மேலிருந்து கயிறு விழுந்தது. துகிமானின் லாரிக் கயிறு.

முதலில் அவரைக் கட்டி ஏற்றினோம். அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது மூடுபனியைக் கிழித்துக்கொண்டு மலைப்பக்கமிருந்து அது வந்துவிட்டது. கறுப்பு. குழம்பு மாதிரி இல்லை, சுவர் மாதிரி. பாறைகள் அதன் மேல் மிதந்து வந்தன.

கயிறு மறுபடியும் விழுந்தது. கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

காலுக்கு அடியில் ஒரு முழம் விட்டு அது போயிற்று.

கூரை போயிற்று. பொட்டலம் போயிற்று. துகிமானின் லாரி கவிழ்ந்து உருண்டு போனதை மூன்று பேரும் பார்த்தோம். மணி மூன்று பத்து.

அன்று சாயங்காலம் எங்களை ஊர்ச் சாவடியில் உட்கார வைத்தார்கள். போர்வை போர்த்தி, சூடாக நூடுல்ஸ் கொடுத்தார்கள். துகிமான் இரண்டு கிண்ணம் தின்றான். நானும் தின்றேன். பயம் தெளிந்தால் அப்படி ஒரு பசி வரும். காஸ்டி மட்டும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"வேணாம் புள்ள. வயிறு நெறஞ்சிருக்கு."

அதிர்ச்சியில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று துகிமான்தான் சொன்னான். இரண்டு பேருடைய பொட்டலமும் லாரி இருக்கையில் பிரிக்காமலே இருந்ததாம்.

மறுநாள் காலை வீர்யோ பெரியப்பா வந்தார். இருமிக்கொண்டே வந்தார். அந்த இருமலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் காலில் விழப் பார்த்தேன். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏ தண்ணிக்கொழம்பு! ஒனக்கு வெளையாட்டுக்கு நேரம் காலம் இல்லையா? வயசானவன நடுங்க வெச்சுட்டியே!"

"நான் என்ன பண்ணேன் பெரியப்பா?"

"ரெண்டு அம்பதுக்குச் சேறுன்னு கத்தினேன். தொண்ட கிழியக் கத்தினேன். துகிமான் ஏறிட்டேன்னான். நீ ஏறிட்டேன்ன. காஸ்டின்னு கூப்பிட்டேன். பதில் இல்ல."

துகிமான் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தான். நாங்கள் அன்று ஒரு "ஏறிட்டேன்"கூடச் சொல்லவில்லை. அவர் கத்தியது எங்கள் காதில் விழவே இல்லை.

"அப்புறம்?" என்றேன்.

"என்னடி அப்புறம்? மறுபடி கூப்பிட்டேன். நீதான எடுத்த? 'அவரு ஏறல பெரியப்பா, எங்களோட சாப்பிட்டுக்கிட்டிருக்காரு'ன்ன. சேறு வருது, என்னடி சாப்பாடுன்னு திட்டினேன். நீ சிரிச்ச." அவர் இருமினார். இருமி முடிக்கவே நேரமாயிற்று. "'ஒரு வாரமா அவரு எங்களுக்குப் போட்டாரு. இன்னைக்கு எங்க மொறை'ன்ன. பின்னால தட்டு சத்தம் கேட்டுது. யாரோ ஒரு பொம்பள, இன்னும் கொஞ்சம் போடுன்னு சொன்னா."



"பெரியப்பா... என் வாக்கிடாக்கி மூணு மணிக்கே ஒடஞ்சுபோச்சு. சேத்துல போச்சு."

"பொய் சொல்லாத. நாலு மணிக்கு நீங்க மூணு பேரும் பொழச்ச சேதி வர்ற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் நீதான் எடுத்த."

துகிமான் எழுந்து வெளியே போனான். அன்றுதான் முதல் தடவை அப்படிப் போனான்.

நான் மெதுவாகத் திரும்பினேன். தூணில் சாய்ந்து காஸ்டி உட்கார்ந்திருந்தார். காலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகத்தில் பயமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கேட்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"என்னங்க... நேத்து அங்க... என்ன சாப்பிட்டீங்க?"

அவர் தூணை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பலாக்காய்க் கொழம்பு" என்றார். "அம்மா வெக்கற மாதிரியே நல்லாத்தான் இருந்துச்சு."

நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார்.

"உப்பு மட்டும் இல்ல."